பதினெட்டு மணி பன்னிரண்டு நிமிடம்

"மூத்த மாப்பிள்ளை, நீங்க ஆபீஸ்ல என்னதான் வேலை பாக்குறீங்க? யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது என் மாமியார் கேட்டார்.

"சின்ன மாப்பிள்ளை எழுதுற புரோகிராம்ல தப்பு இருக்கான்னு பாக்குறேன் அத்தை."

"அப்ப அவர் தப்பே பண்ணலைன்னா உங்களுக்கு வேலையே இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்தாள், அவள் தங்கை சிரித்தாள், தங்கையின் கணவனான என் சகலை புரையேறும் அளவுக்குச் சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றால் எனக்குப் பிடிக்கும், மேடம். அதையும் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் உடம்பில் ஏறும் மருந்தை அளந்து அனுப்பும் பம்புகளை எங்கள் நிறுவனம் செய்கிறது. அதை ஓட்டும் புரோகிராம் சகலை எழுதுவது. சோதிப்பது நான். பம்பின் மூளையான பிராசஸருக்குள் ரிஜிஸ்டர் என்று சில சிறிய இடங்கள் உண்டு; அந்த நொடியில் அது மனதில் வைத்திருக்கும் எண்கள் அங்கேதான் இருக்கும். டிபக்கர் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸரைச் சட்டென்று நிறுத்தி, மனதில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும் கருவி. கேட்பதோடு விட வேண்டியதில்லை. ஐந்து என்று இருப்பதை ஐம்பது என்று மாற்றி எழுதி, இனி போகலாம் என்று விட்டால், ஐம்பதுதான் தன் சொந்த நினைப்பு என்று நம்பிக்கொண்டு அது ஓடும். திருமணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஒரு பம்ப் இரண்டு நாள் ஓடினால் என்னவாகும் என்று பார்க்க, யாரும் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பதில்லை. ரிஜிஸ்டரில் ஓடிய விநாடிகளின் கணக்கைப் பெரிதாக்கி எழுதி, நேரத்தைத் தள்ளிவிடுவோம். பதினான்கு மாதங்களுக்கு முன்பு அப்படி 65,535 என்று எழுதினேன். அடுத்த விநாடி அது பூஜ்யமானது. சகலை அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருந்த இடம் அவ்வளவுதான். பூஜ்யம் என்றால், பம்ப் இப்போதுதான் இயக்கப்பட்டது என்று பொருள். இப்போதுதான் இயக்கப்பட்ட பம்ப், முதலில் தர வேண்டிய பெரிய அளவு மருந்தை ஒரேயடியாகத் தரும். இயக்கி 65,535 விநாடி, அதாவது பதினெட்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் ஆனதும், அதே அளவை இன்னொரு முறை.

சொல்லத்தான் போனேன். சகலை நாலு பேர் சூழ டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, இன்னைக்காவது ஏதாச்சும் சிக்குச்சா?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா டீ குடிக்க வந்தேன்."

அவ்வளவு நல்ல பிழையை டீக்கு நடுவில் வீணாக்க மனம் வரவில்லை. அதற்கென்று ஒரு சபை வேண்டும் என்று நினைத்தேன்.

அனுமதி தரும் அதிகாரிகள் முன்னால் சோதனை நடந்தபோது, பூஜ்யம் வரும் இடத்தில் பிராசஸரை ஒரு கணம் நிறுத்தி, அறுபதாயிரம் என்று எழுதி ஓடவிட்டேன். பம்ப் சமர்த்தாக ஓடியது. மின்சாரத்தை அணைத்ததும் நான் எழுதியது அழிந்தது. அதிகாரிகள் சகலையின் கையைக் குலுக்கினார்கள். எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

பிறகு காத்திருந்தேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஷிப்ட் மாறும்போது செவிலியர்கள் பம்பை அணைத்து, முதல் பெரிய அளவு மறுபடி வராமலிருக்க 'தொடர்ச்சி' என்ற பொத்தானை அழுத்தி இயக்குகிறார்கள். கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. அவர்கள் பழக்கம் சகலையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மருத்துவமனைகளிலிருந்து மட்டும் கடிதம் வந்தது. இறந்த இருவருமே வயதானவர்கள். கருவியில் கோளாறில்லை என்று பதில் எழுதியது நான்தான். கடைசியில் இரங்கலும் தெரிவித்திருந்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அத்தைக்கு மூட்டு அறுவை சிகிச்சை. வலி மருந்துக்கு எங்கள் பம்ப். மாலை நான்கு மணிக்கு இயக்கினார்கள்.

"நம்ம மெஷின் அத்தை, கவலையே படாதீங்க" என்று சகலை அதைத் தட்டிக்கொடுத்தான்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்து அனுப்புனதுதானே மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை. நான்தான் பாத்தேன்."

இரவு ஷிப்ட் மாறியபோது, அத்தை தூங்குகிறார் என்று சொல்லிச் செவிலியரைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் செவிலியர் பம்பை அணைக்க வந்தார். "இப்பதான் கண்ணசந்தாங்க சிஸ்டர், பத்தரைக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "உங்கள மாதிரி மாப்பிள்ளை கிடைக்கணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் குறைந்தால் கத்தும் கருவியின் சத்தத்தையும் நான்தான் குறைத்தேன். தூக்கம் கெடக் கூடாதல்லவா?

கொல்லும் எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லை, மேடம். குடும்பமே கூடியிருக்கும் அறையில், பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பம்ப் தவறு செய்யும். நான் பாய்ந்து நிறுத்துவேன். யார் எழுதியது, யார் பிடித்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அத்தைக்கு லேசான மயக்கத்துக்கு மேல் எதுவும் ஆகியிருக்காது. திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் பத்து மணிக்கு என் மனைவியும் அவள் தங்கையும் மருந்து வாங்கக் கீழே போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சகலையும் வெளியே போனான். பொறுப்பில்லாதவன்.

சரியாகப் பத்து பன்னிரண்டுக்குப் பம்ப் உறுமத் தொடங்கியது. என் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. ஆனால் அறையில் ஒருவரும் இல்லை. யாரும் பார்க்காமல் நிறுத்தினால் நாளைக்கு என்ன சொல்வார்கள்? மெஷின் நன்றாகத்தான் ஓடியது, பெரிய மாப்பிள்ளை பொறாமையில் கதை கட்டுகிறார் என்பார்கள். எனவே சகலை வரட்டும் என்று காத்திருந்தேன். அத்தையின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு. பிறகு ஒன்பது. பிறகு நான்கு. சில ரிஜிஸ்டர்களை வாசிக்க மட்டுமே முடியும், மேடம்.

பத்து முப்பத்தொன்றுக்குச் சகலை வந்தான்.

"அத்தை தூங்குறாங்களா அண்ணே?"

அப்போதுதான் அழுத்தினேன்.

நீங்கள் என்னைப் பிடித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ரிஜிஸ்டரில் தடயம் இருக்காது. ஆனால் நான் தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் டிபக்கர், தேதியும் நேரமும் போட்டு ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பதிவை நிறுத்திவைக்க மறந்துவிட்டேன். இந்த விவகாரத்தில் என் தரப்பில் நடந்த பிழை அது ஒன்றுதான்.

மூன்று பேர் இறந்தது எனக்குத் தெரியும். அதற்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று. பதினான்கு மாதமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தேன். இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே என்பதால்தான் உங்களிடம் வாய்விட்டுக் கேட்கிறேன்.

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது நான்தான்னு முதல் வரியிலயே போட்டுடுவீங்களா, மேடம்?"