சிமியோனின் மூன்றாம் பந்து

மாலை ஏழேகால். பாசையூரிலிருந்து கொழும்புத்துறைக்குப் போகும் கரைவீதி. ஒரு பக்கம் களப்பு, ஆழமற்ற கரைக்கடல். மறுபக்கம் ஆளற்ற பனங்காணி. ஒரேயொரு வீதிவிளக்கு எரிந்தது... அதுவும் விட்டுவிட்டு.

அந்த வீதியால் சைக்கிள் உழக்கி வந்தவர் எமில்ராஜ். நம் கூட்டாளி லெனாட்டின் சித்தப்பா. அவர் லெனாட்டுக்குச் சொன்னதும், பின்பு லெனாட் தன் கண்ணால் கண்டதும்தான் இது. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அவருடைய காற்சட்டைப் பையில் ஒரு பந்து இருந்தது. எறிந்திருக்க வேண்டிய பந்து.

சிமியோனை அறியாதார் அந்தக் கரையில் இலர். எல்லே ஆட்டத்தில் அவர் மூங்கிற்கட்டையைத் தூக்கினால் வலை தைப்போர் வலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வருவர். என்றும் வெறுங்கால்தான். இடக்காலில் சுண்டுவிரல் இல்லை. இளமையில் திருக்கை முள் ஏறி, வெட்டியெடுத்தது. கட்டைக்குச் சுறா எண்ணெய் பூசுவார். பந்து வருமுன் நிலத்தை மூன்றுதரம் தட்டுவார். டொக்... டொக்... டொக். அவ்வோசைக்குக் கரை முழுதும் வாயடங்கும்.

எல்லேயில் அடிப்பவருக்குப் பந்து போடுபவர் எதிரணியார் அல்லர், சொந்த அணியார். மூன்று பந்து. ஒன்றை அடித்துவிட்டு, சுற்றி நிற்கும் நான்கு கம்பங்களையும் ஓடிக் கடக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் சிமியோனுக்குப் பந்து போட்ட கை எமில்ராஜின் கை.

கடைசிப் பெருநாள் ஆட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை அவர் ஒருவரே அறிவார். சிமியோன் முதலிரண்டு பந்துகளையும் அடியாமல் விட்டார். பிறகு கட்டையை ஊன்றிக் கிட்ட வந்து, மெல்லச் சொன்னார்.

"மச்சான், மூண்டாவது வேண்டாம். நெஞ்சுக்குள்ளை இறுக்குது."

கரையோ ஆர்ப்பரித்து நின்றது. எமில்ராஜ் சிரித்தார்.

"ஒரு பந்துதானே, அடிச்சுப்போட்டுப் போய்ப் படு."

அடித்தார். பந்து பனைக்கு மேலாய்க் களப்பில் வீழ்ந்தது. ஓடினார். முதற் கம்பம், இரண்டு, மூன்று... நான்காவதற்கு ஓரடி முன்னே விழுந்தார். எழவில்லை.

சிமியோன் இறந்த முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து, ரசிகர் யாவரும் அதே மைதானத்தில் கூடினர். சமாதான காலத்தில் சிமியோன் அடித்த பந்து சுவாமியாரின் சோற்றுக்கோப்பைக்குள் விழுந்தது என்றார் ஒருவர். கோப்பையல்ல, கறிச்சட்டி என்று திருத்தினார் இன்னொருவர். சிரித்தார்கள், சிரிப்பினூடே கண்ணைத் துடைத்தார்கள். அப்போதுதான் அணித்தலைவன் றஞ்சித் அந்தப் பேச்சை எடுத்தான்.

"எமில் அண்ணை, சிமியோன் அண்ணையின்ரை ஓட்டத்தை முடிச்சு வைப்பம். நீங்கள்தான் போடவேணும்."

அடிப்பவர் நிற்கும் இடத்தில் சிமியோனின் கட்டையை மணலில் நட்டார்கள். இறந்தார்க்குச் செபம் உண்டு, மெழுகுதிரி உண்டு. ஆட்டம் உண்டென்று எந்த மறையும் சொல்லவில்லை. அன்பு மிகுந்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

எமில்ராஜ் ஒரு பந்தை எறிந்தார். கட்டையைத் தாண்டி மணலில் வீழ்ந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதற்குக் கை எழவில்லை. இருட்டிவிட்டது என்று சொல்லிப் பந்தைப் பையிலிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கரைவீதியின் வளைவில்... சுறா எண்ணெய் மணந்தது.

காற்று இல்லை. களப்பு அசையவில்லை. பின்னால், தார் வீதியில்... டொக்... டொக்... டொக்.

இறங்கித் திரும்பினார். ஒருவரும் இல்லை. விளக்கு அணைந்தது. மறுபடியும், இம்முறை முன்னால். டொக்... டொக்... டொக்.

"நான் போடமாட்டன், சிமியோன்," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அண்டைக்கு நீ சொன்னனீ, நான் கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன்."

தட்டல் நிற்கவில்லை. மெல்ல, பொறுமையாக, பந்துக்காகக் காத்திருப்பவரின் தட்டல். எவ்வளவு நேரம் நின்றாரோ... கை பைக்குள் தானாகப் போயிற்று. இருளுக்குள் எறிந்தார்.

மூங்கில் வெடித்தாற்போல் ஒரு சத்தம்.

பந்து எங்கும் விழவில்லை. வெறுங்கால்கள் ஓடின. பனங்காணிச் சருகில் சரசர... பின்னால் தாரில் தப்தப்... களப்புச் சேற்றில் சளக் சளக்... அவரைச் சுற்றி வந்து, அவருக்கு ஓரடி முன்னே நின்றன. அங்கிருந்து மூச்சு மட்டும். இறுகிய நெஞ்சிலிருந்து வரும் மூச்சு.

சைக்கிளை விட்டுவிட்டு ஓடி வீடு சேர்ந்தார். விடிய எழுந்து மனைவி ஜெசிதா கதவைத் திறந்தபோது, மைதானத்தில் நட்ட கட்டை வாசலிற் சாத்தியிருந்தது.

அன்று மாலை ஏழேகாலுக்கு முற்றத்தில் ஒரு பந்து வந்து விழுந்தது. வேலிக்கு வெளியே ஆளில்லை. அடுத்த மாலை, அதே நேரம், இரண்டாவது. அவ்விரவே எமில்ராஜ் லெனாட்டை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது இடக்கை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தது. ஆசுபத்திரிக்குப் போவோம் என்று லெனாட் கெஞ்சினான். அவர் தலையசைத்தார்.

"நான் அவனுக்குச் சொன்னதைத்தான்ரா அவன் எனக்குச் சொல்லுறான்."

மூன்றாம் மாலை ஜெசிதாவைத் தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டார். லெனாட்டின் மோட்டார் சைக்கிள் வழியிற் காற்றுப்போய், அவன் வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. வேலிப் படலை திறந்து கிடந்தது. ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.

முற்றத்து மணலில் எமில்ராஜ் குப்புற விழுந்து கிடந்தார். உடல் இன்னும் சுட்டது, மூச்சு இல்லை. கட்டை கிணற்றடியில் எறிந்தபடி கிடந்தது. வீட்டைச் சுற்றி அவருடைய செருப்படித் தடம்: கிணற்றடி, மாமரம், கோழிக்கூடு. வாசற்படிக்கு ஓரடி முன்னே அது முடிந்திருந்தது.

அதனருகே, சுற்று முழுதும், இன்னொரு தடம் கூடவே ஓடியிருந்தது. வெறுங்கால் தடம். இடக்காலில் நான்கே விரல்.

அது முடியவில்லை. எமில்ராஜைக் கடந்து, படியேறி, உள்ளே போயிருந்தது.