நடு ரூம் காலியாகணும்

மனைவி: இல்லண்ணே, அந்தச் சாக்பீஸ் கோட்டை அழிங்க. வாஷிங் மெஷின் இந்த மூலைக்குத்தான் வரணும்.

தச்சர்: மூலைக்குத் தள்ளினா மூடி திறக்க இடிக்குமேம்மா...

மனைவி: முன்பக்கம் திறக்கிற மெஷின்ணே. அதுக்கு மேல மூணு தட்டு. கதவுக்குப் பின்னாடி துடைப்பம், மாப்பு, குடை எல்லாத்துக்கும் கொக்கி. துணி காயப்போட, கயித்தை விட்டா கீழ இறங்குற கம்பி. பெட்டியெல்லாம் பரண்ல.

தச்சர்: சமையலறைக்குப் பின்னாடி இருக்கிறதே ஏழடிக்கு அஞ்சடி. இதுல ஒரு குடோனையே அடைக்கப் பாக்குறீங்க!

மனைவி: அடங்கும். நானே அளந்துட்டேன்.

கணவன்: அதெல்லாம் சரி, என் பலகை எங்க? சுவரோரமா, மடக்குற மாதிரி... ஆறடி.

தச்சர்: ஆறடியா! துணியைத் தேய்க்கவா சார், இல்ல ஆளையே போட்டுத் தேய்க்கவா?

கணவன்: துணிதான்... துணி மடிக்க. நாலு பேரு துணின்னா சும்மாவா?

மனைவி: கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு கைக்குட்டை மடிச்சிருப்பீங்களா? தேய்க்க மூணடி போதும், டிராயர் மாதிரி உள்ள தள்ளிக்கலாம். அண்ணே, அந்தச் சுவர்ல பசங்க சைக்கிள் ரெண்டையும் மாட்டணும். எழுதிக்கோங்க.

கணவன்: சைக்கிள் நடு ரூம்லயே கிடக்கட்டுமே!

மனைவி: நடு ரூம்ல ஒரு துரும்பு இருக்கக் கூடாது.

கணவன்: அதென்ன திடீர்னு? அஞ்சு வருஷமா குப்பை கொட்டி வச்ச ரூம்தானே...

மனைவி: உங்களுக்கு மட்டும் என்ன, திடீர்னு பலகை மேல ஆசை?

தச்சர்: இருக்கிறது ஒரே சுவரு. சைக்கிளா, பலகையா... பேசி முடிங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்.

மனைவி: சீக்கிரம் வாங்கண்ணே, வியாழக்கிழமைக்குள்ள முடிச்சாகணும்.

கணவன்: வியாழனா? அது... அது எப்படி உனக்கு...

மனைவி: ஏன் இப்படி முழிக்கிறீங்க? சரி, சொல்லிடுறேன். கத்தக் கூடாது.

கணவன்: சொல்லு.

மனைவி: வெள்ளிக்கிழமை உங்க தங்கச்சி குழந்தையோட வர்றா. இனி அந்த ஆளோட வாழ மாட்டாளாம். அண்ணனுக்குத் தெரிஞ்சா அங்க போய்ச் சண்டை போடுவான், சொல்லாதீங்கண்ணின்னு சத்தியம் வாங்கிட்டா. நான்தான் கிளம்பி வாடின்னேன். ஹால் மூலையில ஒண்டிக்கிட்டு இருக்கவா வர்றா? அவளுக்குன்னு ஒரு ரூம் வேணும்ங்க.

கணவன்: என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாடி, சண்டைக்குப் போகாதே, அண்ணிகிட்ட சொல்லாதேன்னு. நீ என்ன சொல்லுவியோன்னு பத்து நாளா வாயைத் திறக்காம இருந்தேன். அவளையும் குழந்தையையும் உன்கூடப் படுக்க வச்சிட்டு, நான் இங்க படுத்துக்கலாம்னுதான் ஆறடி கேட்டேன்.