நிரந்தர ஊனம்

தம்பியின் வலது கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு சுற்று பாக்கி. அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. நஷ்டஈட்டு வாரியத்தின் டாக்டர், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அரசாங்க ஆட்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்று நம்பியது என் தவறு. அவசர அவசரமாக இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே," என்றான் தம்பி.

நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம் இன்ஸ்பெக்டர். எழுதிக்கொண்டே வாருங்கள். உங்கள் இடது கிருதா வலதைவிட அரை விரல் இறங்கியிருக்கிறது. அதை வெட்டியவனைப் பிடித்து முதலில் உள்ளே போடுங்கள். என் விஷயம் அவ்வளவு அவசரமில்லை.

எங்களுடையது இரண்டு நாற்காலி சலூன். அப்பா விட்டுப்போனது. ஒரு மழை நாள் சாயங்காலம், நான் காய்ச்சல் என்று கடைக்குப் போகாத அன்று, தம்பி விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இழுக்கப் போயிருக்கிறான். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிய ஒருவன் உள்ளே புகுந்து, அவனைக் கண்ணாடிமேல் சாய்த்து அழுத்தி, வலது மணிக்கட்டைக் கத்தியால் கிழித்துவிட்டுக் கல்லாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். உங்கள் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். யாரும் பிடிபடவில்லை.

இப்படிக் காயம்பட்டவர்களுக்கு அரசாங்கமே நஷ்டஈடு தருகிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொன்னாள். அலைந்து திரிந்து மனுப் போட்டது நான். கை தேறிவிட்டால் ஆறுதலுக்கு ஏதோ கொடுப்பார்கள். தேறவே தேறாது, நிரந்தர ஊனம் என்று வாரியத்து டாக்டர் எழுதிவிட்டால் ஒரு குடும்பமே காலை நீட்டி உட்காரலாம். விதியை எழுதியது நானில்லை. விதியைப் படித்தவன் மட்டும்தான் நான்.

விரலை மடக்கி நீட்டப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை நான் வாங்கிப் பரண்மேல் போட்டேன். அசைத்தால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகத் தம்பியிடம் சொன்னேன். கட்டை நானே போட்டேன், விரல் நுனி நீலம் பாரிக்கிற அளவுக்கு இறுக்கமாக. குளிப்பாட்டினேன். சோறு பிசைந்து ஊட்டினேன். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே பேசியது. பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார் எதிர்வீட்டுக்காரர்.

தம்பி மனைவி மட்டும் பேசவில்லை. ஒருநாள் அடுப்படி வாசலில் வழிமறித்து நின்றாள்.

"மாமா, உங்களுக்கு அவர் கை சரியாகணுமா, காசு வரணுமா?"

"காசு யாருக்கும்மா வருது? உன் புருஷனுக்குத்தானே?"

"அப்ப கையும் அவருதுதானே. அதை ஏன் நீங்க வெச்சிருக்கீங்க?"

வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. அடுத்த முறை கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

பணத்தாசை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்தக் காசில் ஒரு டீகூட வேண்டாம். நீங்கள் சலூனுக்குப் போவீர்களா? ஒரு நாற்காலி காலியாக இருக்கும்போது, "பரவால்ல, தம்பி முடிக்கட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸுக்கு நேரமாகிறவனும் காத்திருப்பான். என் மைத்துனரே காத்திருந்தார். நான் சீப்பைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவேன். அதையும் பொறுத்தேன். பிறகு ஒருநாள் தம்பி, தலையைக் குனிந்தபடி, தனியாகக் கடை போடப் போவதாகச் சொன்னான். பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அவன் பின்னால் போய்விடுவார்கள். குடும்பம் இரண்டாகிவிடும். குடும்பம் உடையாமல் பார்த்துக்கொள்வது மூத்தவன் பொறுப்பில்லையா?

டாக்டர் உட்கார்ந்தார். கட்டைப் பிரிக்கச் சொன்னார். நான் கை நீட்டினேன், ஆனால் தம்பி மனைவி முந்திக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள்.

"விரலை மடக்குங்க," என்றார் டாக்டர்.

விரல்கள் வெளுத்து, செத்த மீன்போலக் கிடந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார். அப்போது தம்பி சுண்டுவிரலை மடக்கினான். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றாக மடக்கி, நடுங்க நடுங்க ஒரு முஷ்டி பிடித்து, அதை என் பக்கம் திருப்பினான். நான் கடைக்குப் போகிற நேரமெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் கட்டைப் பிரித்துப் பழகியிருக்கிறார்கள்.

"இது தெரிஞ்சா தொகை குறையுமே," என்றார் டாக்டர், அவரே தடுமாறி.

"குறையட்டும்," என்றான் தம்பி. "இன்னொண்ணும் எழுதிக்குங்க. வெட்டினவன் யாருன்னு தெரியாதுன்னு போலீஸ்ல சொன்னேன். பொய். தெரு விளக்கு வெளிச்சத்துல கண்ணாடில பாத்தேன். வெட்டிட்டு அவன் ஓடல. கத்தியை இடது முன்கைல ரெண்டு பக்கமும் வழிச்சு, மடக்கி வெச்சிட்டுத்தான் கல்லாப் பக்கம் போனான். எங்க கடைல அப்படி வழிக்கிறவரு ஒருத்தர்தான்."

"வீட்டு ஆளேன்னா மனு தள்ளுபடி. சல்லிக்காசு வராது. இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"என் கை அவர்கிட்ட இருந்துச்சு டாக்டர். இப்பதான் திரும்பி வந்துச்சு."

அவன் சொன்னது சரிதான். அவன் நுரையைக் காகிதத்தில் வழிப்பவன். நான் அப்பா மாதிரி முன்கையில். கத்தி ஒரு வேலையை முடித்தால் என் கை தானாக அங்கே போய்விடும். மேலே மழைக்கோட்டு இருக்கிறதே என்று பார்க்காது.

ஆமாம், மணிக்கட்டை அறுத்தது நான்தான். எங்கே அறுத்தால் விரல் மடங்காது, எவ்வளவு அறுத்தால் உயிர் போகாது என்று பார்த்துப் பதமாக அறுத்தேன். வேறு எவனாவது அறுத்திருந்தால் தம்பி அன்றே செத்திருப்பான். அதை யாரும் சொல்வதில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை நாளும் என் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே, தன் கை தேறிவிட்டதை என்னிடம் மறைத்திருக்கிறான். கூடப்பிறந்தவனையே நம்ப முடியாவிட்டால், ஐயா, மனுஷன் வேறு யாரைத்தான் நம்புவது?