ஓட்டுநர் பக்கக் கதவு

சாதாரண மேசை உப்பே போதும், மேடம். முதலில் துரு நிறத்தை அடித்துக் காயவிட வேண்டும். அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து, பெயிண்ட் எங்கெல்லாம் உரிந்த மாதிரி தெரிய வேண்டுமோ அங்கே கொஞ்சம் உப்பைத் தூவ வேண்டும். அதற்கு மேல் வண்டியின் நிறம். காய்ந்ததும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்போடு பெயிண்டும் உதிர்ந்து அடியில் இருக்கும் துரு வெளியே வரும். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் மாடல் காரின் நீளம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்பார்கள். ஆறரை அங்குலம்.

என் பெயர் விர்ஜில் ஹாஸ்கெட். வயது அறுபத்து மூன்று. ஆயில்டேல் என்ற ஊரில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் முப்பத்தொரு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே மாடல் கார் கட்டுவேன். ஃப்ரெஸ்னோவில் வசந்த காலத்தில் நடக்கும் போட்டிக்கு வருடம் தவறாமல் போவேன். இரண்டு முறை இரண்டாவது பரிசு வாங்கியிருக்கிறேன். இரண்டாவது முறை, நடுவராக இருந்த பல் டாக்டர் என் காரைக் குனிந்து பார்த்துவிட்டு, "துரு அழகா இருக்கு விர்ஜில். ஆனா யூகிச்சுப் போட்ட துரு," என்றார். மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஃப்ரெஸ்னோவிலிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் அதையேதான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

யூகமே இல்லாத ஒரு கார் எனக்கு வேண்டியிருந்தது. அது என் தங்கை நடீன் வீட்டுக் கொட்டகையில் நின்றது.

நடீனின் புருஷன் ஹார்லன் டீக். அவனுடைய அப்பா 1932ஆம் வருடத்து ஃபோர்டு ஒன்றை வாங்கி, கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளையும் பானெட்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய எஞ்சினை வைத்து, காய்ந்த ஏரிப் படுகையில் பந்தயம் ஓட்டியவர். ஹாட் ராட் என்றால் அந்தக் காலத்தில் அதுதான். அவர் போனபின் முப்பது வருடம் அது கொட்டகையிலேயே கிடந்தது. கதவில் சுண்ணாம்பு நிறத்தில் 41 என்ற எண். ஒவ்வொரு ஒடுக்கும் ஒவ்வொரு துருத் திட்டும் தானாக வந்தது, யாரும் போட்டதில்லை.

ஹார்லன் கொட்டகைச் சாவியையே கொடுத்துவிட்டான். "எத்தனை நாள் வேணா பாரு மச்சான். பாத்தா தேஞ்சா போயிடப் போகுது?"

நான்கு வருடம் பார்த்தேன். தையல் டேப்பால் அளந்தேன். முதல் இரண்டு மாடலையும் குப்பையில் போட்டேன், கூரையின் வளைவு சரியாக வரவில்லை. மூன்றாவது சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடீன் வீட்டில்தான் சாப்பாடு. மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே ஹார்லன் ஆரம்பிப்பான். "உங்கண்ணன் ஏன் கல்யாணம் பண்ணிக்கலைன்னு இப்பத்தான் புரியுது நடீன். எந்தப் பொண்ணுக்குத் துரு பிடிக்கும்?" நடீன் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஹார்லன் நல்லவன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தலைவலியெல்லாம் ஓட்டுநர் பக்கக் கதவுதான். கொட்டகைச் சுவரில் ஒரு பலகை விழுந்துபோயிருந்தது. அந்த இடைவெளி வழியாக முப்பது வருடமாக வெயில் அந்தக் கதவில் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு ஒரு நிறம். பழுப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. சாக்பீஸ் பொடி போட்டுப் பார்த்தேன், தேயிலைத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன், அந்தக் காரிலிருந்தே துருவைச் சுரண்டி எடுத்துக் கலந்து பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது அச்சு அசலாக இருக்கும். காய்ந்தால் கேரட் மாதிரி ஆகிவிடும். அடிப்பேன், காயும், தின்னர் போட்டுத் துடைப்பேன், மறுபடி அடிப்பேன். பதினேழு தடவை. வேலை செய்யும்போது ரேடியோவில் பியானோ கேட்பேன், ஆறாவது தடவைக்கு அப்புறம் அதை நிறுத்திவிட்டேன். பதினொன்றாவது தடவை பிரஷ்ஷைக் கடித்து உடைத்தேன். பல்லில் இன்னும் கூச்சம் இருக்கிறது.

போன வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிறு. சாப்பாட்டு மேசையில் ஹார்லன் சொன்னான்: "ஜூன்ல எங்களுக்கு முப்பத்தஞ்சாவது கல்யாண நாள். அப்பாவோட வண்டியை ரெடி பண்ணி இவளைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். பளபளன்னு சிவப்புல."

நடீனின் முகம் அப்படி மலர்ந்து நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை.

"கதவு இன்னும் முடியல," என்றேன். "ஆறு வாரம் குடு."

"பொம்மைக் காருக்காக நிஜக் காரைக் காக்க வைக்கணுமா? நீயே சொல்லு மச்சான், இது உனக்கே சிரிப்பா இல்ல?"

"குடுத்தா என்ன ஹார்லன்? அண்ணன் நம்மகிட்ட எதையாவது கேட்டிருக்காரா?" என்றாள் நடீன்.

"சரி. கதவைக் கடைசியா வச்சுக்கறேன். ரெண்டு வாரம். அதுக்கு மேல இழுத்தே, உன்னையும் சேத்துத் தேச்சுப் பெயிண்ட் அடிச்சுருவேன்."

இரண்டு வாரம் என்றால் பதினான்கு நாள். ஆறாவது நாள், சனிக்கிழமை காலை, மாடலையும் பெயிண்ட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். நடீன் சர்ச்சில் கேக் விற்கப் போயிருந்தாள், பன்னிரண்டுக்குத்தான் வருவாள். ஹார்லன் உப்புத்தாளும் கையுமாக நின்றான். வலது பக்கம் முழுவதும், கூரை முழுவதும் தேய்த்து முடித்திருந்தான். வெறும் தகரம் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. முப்பது வருடத் துரு தரையில் சிவப்புத் தூளாகக் கிடந்தது, அதன்மேல் அவனுடைய செருப்புத் தடம். சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"கை சும்மா இருக்கல மச்சான்," என்றான். "கதவையும் இன்னிக்கே எடுத்துடறேன். அவ வந்து பாத்தா அசந்துபோகணும். நீ வேணா ஒரு போட்டோ புடிச்சுக்கயேன்."

"போட்டோல நிறம் சரியா வராது."

"யாருக்குத் தெரியப் போகுது?" என்று தோளில் தட்டினான். சட்டையில் கிரீஸ் ஒட்டியது.

கியர்பாக்ஸைக் கழற்ற அவன் வண்டிக்கு அடியில் போனான். சக்கரங்களை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. பின்பக்கம் இரண்டு இரும்பு முட்டு, முன்பக்கம் ஒரு முட்டும் ஒரு ஜாக்கியும். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. "மச்சான், முன்னால இருக்கிற முட்டு இடிக்குது. உருவி ஒரு சாண் தள்ளி வை." உருவினேன். அந்த நேரத்தில் ஜாக்கி இறங்கிவிட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வண்டியின் இரும்புச் சட்டம் அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. கத்த மூச்சு இல்லை, பேச மட்டும் கொஞ்சம் இருந்தது. "விர்ஜில். ஜாக்கி. ஏத்து," என்றான். முப்பத்தைந்து வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மணி பத்தேகால் இருக்கும். பலகை இடைவெளியில் வரும் வெயில் பதினொன்றே கால் வரைதான் அந்தக் கதவில் நிற்கும். எனக்கு இருந்தது ஒரு மணி நேரம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கலந்தேன். பதினெட்டாவது தடவை. அடியிலிருந்து அவன் கை வெளியே வந்து கதவின் கீழ் விளிம்பைப் பிடித்தது. பிடித்தது, வழுக்கியது, மறுபடி பிடித்தது. "கையைக் கொஞ்சம் எடு ஹார்லன், நிழல் விழுது," என்றேன். அதட்டலாகச் சொல்லவில்லை. அவன் எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்குக் கை தானாகக் கீழே போய்விட்டது.

நிறம் வந்துவிட்டது, மேடம். காய்ந்தும் மாறவில்லை. அந்தக் கதவையும் இந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது.

கதவின் அடியில் கிரீஸ் கை ஒன்று பதிந்திருந்தது. அது பழைய தடம் இல்லை, அதனால் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். ஆனால் துடைப்பதற்கு முன்னால் மாடலில் அதை வரைந்துவிட்டேன். அரிசி அளவு, ஒற்றை மயிர் பிரஷ். பதினொன்றே காலுக்கு வீட்டுக்குக் கிளம்பினேன். பன்னிரண்டு மணிக்கு நடீன்தான் பார்த்தாள். காலையெல்லாம் வீட்டில் இருந்தேன் என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். பழைய ஜாக்கி, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இந்த வசந்தத்தில் ஃப்ரெஸ்னோவில் முதல் பரிசு. நடீனைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன், பாவம், வீட்டைவிட்டு வெளியே வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதே பல் டாக்டர் வந்து, "இதுல யூகமே இல்ல விர்ஜில். அந்தக் கைத்தடம் ஒண்ணு போதும்," என்றார். நடீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். எண்ணெய்க் கிணற்று வேலையில் சங்கிலி மாட்டி ஹார்லனுக்கு வலது மோதிர விரல் பாதிதான் இருந்தது. மாடலிலும் அது பாதிதான்.

"அண்ணே, இது எப்ப இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் காரைப் பற்றி நான் பொய்யே சொன்னதில்லை. "அன்னிக்குத்தான்," என்றேன்.

"அந்தக் கதவுல ஒண்ணுமே இல்லையே. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அதைப் புடிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்." கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு மண்டபத்து டெலிபோனுக்கு நடந்து போய் உங்களைக் கூப்பிட்டாள்.

ஜாக்கி எப்படி இறங்கியது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அந்த ரக ஜாக்கியை முப்பத்தொரு வருடம் விற்றிருக்கிறேன். அதில் ஒரு வால்வு உண்டு. கால் சுற்றுத் திருப்பினால் மெதுவாக இறங்கும், அரைச் சுற்றுத் திருப்பினால் விழும். நான் கால் சுற்றுதான் திருப்பினேன். விழட்டும் என்று நினைத்திருந்தால் அரைச் சுற்றுத் திருப்பியிருப்பேன்.

போட்டோ எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். இருந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு, கதவுக்கு மட்டும் முப்பத்தொன்று. அந்த நிறத்தை அதிலிருந்தும் கொண்டுவந்திருக்க முடியுமா என்றால், ஒருவேளை முடிந்திருக்கும். அது இல்லை விஷயம். நான்கு வருடம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலையை அவன் சீட்டியடித்துக்கொண்டே ஒரு வாரத்தில் அழித்தான். அழித்துவிட்டு, யாருக்குத் தெரியப் போகுது என்றான்.

கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம். வாக்குமூலத்தின் மூன்றாவது பக்கத்தில் 'கோபத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் கோபக்காரன் இல்லை. அவசரமில்லை, நீங்கள் அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.