ஒத்த வெரல் பிரேக்கு

இல்லீங்க, வேணாங்க. பஞ்சர்னா சொல்லுங்க, பாத்துத் தரேன். செயின் லூசா இருக்குதா, பெடல்ல கடகடன்னு சத்தம் வருதா, வீலு கோணிப்போச்சா, எல்லாஞ் செய்வேன். இந்த ஆயில் பிரேக்குல மட்டும் கை வெக்கறதில்லீங்க. மூணு வருசமாச்சு.

அட, கோவிச்சிக்காதீங்க. உக்காருங்க மொதல்ல. பெங்களூர்ல இருந்தா மிதிச்சிக்கிட்டு வரீங்க? ஓசூர் வழியாவா? ஓ, ராத்திரி மாரண்டஹள்ளில தங்கிட்டீங்களா. சரி சரி. இப்ப சித்தேரி மலை ஏறி எறங்கணும், அதான? ம்.

லிவர ஒருவாட்டி அமுக்கிக் காட்டுங்க. நான் தொடலீங்க, நீங்களே அமுக்குங்க. ஆமா. பாதி தூரம் வருது. கல்லு மாதிரி நிக்கணும் அது. ரெண்டு சொட்டு ஆயில் வுட்டா சரியாயிடும்னு சொல்றீங்க. சொல்லுவீங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? எம் பொண்ணு ஓட்டினா இந்த மாதிரி வண்டி. சோபனான்னு பேரு. ஒரே பொண்ணு. அப்ப பதினொண்ணாவது படிச்சிட்டிருந்தா. கவருமெண்டுல புள்ளைங்களுக்குக் குடுக்கறாங்கல்ல இலவச சைக்கிளு, அதுலதான் பழகினா. அதுல பிரேக்குன்னு ஒண்ணு பேருக்கு இருக்கும். மழ பேஞ்சா அந்தப் பேரும் இருக்காது. மினி பஸ்ஸு மேல சைக்கிளப் போட்டுக்கிட்டு மலைக்குப் போவா, அங்கருந்து எறங்கி வருவா. செருப்பத் தரையில தேச்சுத்தான் நிப்பாட்டறது. ரெண்டு மாசத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. எங்க வூட்ல சாலம்மா கத்துவா, இது நான் பெத்ததா இல்ல செருப்புக் கடைக்கி நேந்து வுட்டதான்னு.

அவங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சரு, கலைமணின்னு, அவங்கதான் இவள தர்மபுரிக்கி மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க வந்ததெல்லாம் கியர் வண்டிங்க. அதுங்க நடுவுல இந்தத் தகர வண்டிய வெச்சிக்கிட்டு ரெண்டாவதா வந்துட்டா. அதப் பாத்துட்டாரு ஓசூர்க்காரர் ஒருத்தரு. அறிவழகன்னு பேரு, அங்க ஒரு கம்பெனில வேல, முந்தி அவரும் ரேசு ஓட்டினவராம். அடுத்த வாரமே தன்னோட வண்டிய வேன்ல போட்டு எடுத்தாந்து இந்தக் கடைக்கி முன்னால எறக்கினாரு. எனக்கு முட்டி போயிடுச்சும்மா, வண்டி சும்மா நிக்குது, நீ ஓட்டுன்னாரு. அப்படியும் மனுசங்க இருக்காங்க பாருங்க.

நான் வண்டியச் சுத்திச் சுத்தி வரேன். கம்பியக் காணோம். பிரேக்குன்னா கம்பி இருக்கணுமில்லீங்க? இது என்னமோ கருப்பா மெல்லிசா ஒரு குழாய், ஆஸ்பத்திரில மருந்து ஏத்துவாங்களே, அந்த டியூப்பாட்டம். வீலுக்கு நடுவுல ஒரு தட்டு, வட சுடற ஜல்லிக்கரண்டி மாதிரி ஓட்ட ஓட்டையா. மோட்டார் வண்டில இருக்கறது தெரியும், நான் பைக்கும் பாக்கறவந்தான். சைக்கிளுக்கு எதுக்கு இந்த வெட்டி ஜம்பம்னு நெனச்சேன்.

நெனச்சதோட வுட்டனா? ஏறி ஒரு ரவுண்டு போனேன். ரேசன் கடைகிட்ட ஒரு எறக்கம் இருக்குது. அங்க அன்னைக்கி அரிசி போடறாங்க, ஊரே வரிசையில நிக்குது. நாப்பது வருசப் பழக்கம் பாருங்க, பிரேக்குன்னா நாலு வெரலும் சேத்து, பல்லக் கடிச்சிக்கிட்டுப் புடிக்கறது. அப்படியே புடிச்சேன். வண்டி நின்னுடுச்சு. நான் நிக்கல. ஹேண்டில்பாருக்கு மேல பறந்து போயி அரிசி மூட்ட மேல வுழுந்தேன். மூட்ட இருந்துச்சோ பொழச்சனோ. சிரிக்காதவங்க பாக்கி இல்ல. அரிசி எட போடறவரு என்னப் பாத்து, ஏ மாதையா, ஒனக்கு இந்த மாசம் போட்டாச்சு எழுந்திரின்றாரு.

சோபனா ஓடியாந்து தூக்கினா. அவளுக்கும் சிரிப்பு தாங்கல. அப்பறம் ஏறி உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறா. ஒத்த வெரலு போதும்ப்பா, ஆளக் கூப்புடற மாதிரி லேசா மடக்கு, அதுவே கேட்டுக்கும்ன்றா. மேல இருந்து வேகமா எறங்கி வந்து, சும்மா இப்படி ஒரு வெரல மடக்குனாளா, எங்கால்கிட்ட வந்து நின்னுச்சுங்க. கிறீச்சுங்கல, தேய்க்கல. செருப்பு ரெண்டும் பெடல்ல இருக்குது. இது நிக்கறதுக்கு இல்லப்பா, வேகமாப் போறதுக்குன்னா. என்னடி ஒளர்றன்னேன். எங்க வேணா நிக்கலாம்னு தெரிஞ்சாத்தான தெகிரியமா வுட முடியும்னா. அன்னைக்கி அவ மூஞ்சி இருந்துச்சு பாருங்க. அந்த மூஞ்சிய அப்பறம் நான் பாக்கல.

இல்லீங்க, அப்பறமும் ஓட்டினா. ஏழு மாசம் ஓட்டினா. ஜோரா ஓட்டினா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அறிவழகன் வருவாரு, அவரு வேன்லயும் இவ சைக்கிள்லயுமா மலைக்குப் போவாங்க. எறக்கத்துல பிரேக்கப் புடிச்சிக்கிட்டே வரக்கூடாது, சூடேறிடும், ஏறிட்டா புடிக்காது, கையில ஒண்ணுமே இருக்காதுன்னு சொல்லிக் குடுத்தாரு. புடிச்சு வுடு, புடிச்சு வுடுன்னு. இவ வூட்ல சோறு தின்னுக்கிட்டே வெரல மடக்கி மடக்கி நீட்டிட்டிருப்பா. மாநில அளவுல ஆள் எடுக்கறாங்க, ஊட்டில நடக்குது, நீ கண்டிப்பா போறன்னு சொல்லிட்டாரு. எங்க வம்சத்துல ஊட்டியப் பாத்தவங்க யாரும் கெடையாதுங்க.

அதுக்குப் பத்து நாளு இருக்கறப்ப வுழுந்தா.

மலையிலதான். காலையில எட்டு, எட்டரை இருக்கும். தனியாத்தான் போயிருந்தா, அவருக்கு அன்னைக்கி வேல. கடேசி வளைவுக்கு முந்துன வளைவு. பஸ்ஸு ஓட்டற பெரியண்ணன் எதுக்கால ஏறிக்கிட்டிருந்தாரு, அவரு பாத்தாரு. வந்த வேகத்துல அப்படியே கட்டச் செவுத்துல மோதி, அந்தாண்டப் பக்கம் மூங்கிப் பொதருக்குள்ள போயிட்டா. பஸ்ஸ நிறுத்திட்டு, அவரும் பஸ்ஸுல இருந்தவங்களும்தான் எறங்கித் தூக்கியாந்தாங்க. சேலம் கொண்டுபோயி, இடுப்புல ஒண்ணு தொடையில ஒண்ணுன்னு தகடு வெச்சாங்க. மறுபடி ஒருவாட்டி பிரிச்சு வெச்சாங்க. நாலு மாசம் படுக்க. இப்ப குச்சி வெச்சு நடக்கறா. இடது காலு ரெண்டு இஞ்சு கம்மி. அதுக்கு மேல ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

காலு போனதுகூடப் பரவால்லீங்க. நெசமாத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சு அவ சொன்ன மொத வார்த்த என்ன தெரியுமா? பயந்துட்டேன்ப்பான்னா. நான் பயந்துக்கிட்டுப் புடிச்சிக்கிட்டே வந்துட்டேன் போல, சூடேறிடுச்சு, அறிவழகன் அண்ணன் அவ்ளோ சொல்லியும் கெடுத்துட்டேன்னா. லிவரு ரெண்டும் கைப்புடி வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சாம், ஒண்ணுமே புடிக்கலயாம். எங்க புடிச்சேன், எவ்ளோ நேரம் புடிச்சேன்னு அவளுக்கே நெனப்பில்ல. தலையில அடி. இருந்தும் நான்தான் பயந்திருக்கணும்னு அவளே முடிவு கட்டிக்கிட்டா.

அதுலருந்து அவளுக்கு அதுதான் பேரு. அவளே வெச்சிக்கிட்ட பேரு. காலேஜுல சேத்தோம், மேடையில ஏறிப் பேசணும்னு சொன்னாங்களாம், நான் பயந்தாங்கொள்ளிங்க மிஸ்ஸுன்னு வந்துட்டா. அப்பறம் போவவே இல்ல. போலீஸுக்கு எழுதணும்னு இருந்தா, அது காலோட போச்சு. சரி, வங்கிப் பரிச்ச எழுதலாமில்ல? பரிச்சக் கூடத்துல கை நடுங்கும்ப்பா, நம்ம ஒடம்பு வாகு அப்படின்றா. செருப்பத் தேச்சிக்கிட்டு மலையில இருந்து வுழுந்தடிச்சு வந்த புள்ள அது. இப்ப அரூர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில உக்காந்திருக்கா. பஸ்ஸு எறக்கத்துல போறப்ப கண்ண மூடிக்குவாளாம்.

போன வாரம் கலைமணி டீச்சர் இங்க வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கற அந்த ஸ்டூல்லதான் உக்காந்தாங்க. ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்க எட்டுப் பேரு ரேசு பழகுதுங்க, சோபனா வந்து சொல்லிக் குடுக்கட்டும், ஓட்ட வேணாம், நின்னு சொன்னாப் போதும்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன இவ சிரிக்கறா. பயந்து வுழுந்தவ என்னத்த மிஸ்ஸு சொல்லிக் குடுக்கறது, எதப் பாத்து எப்படிப் பயப்படறதுன்னான்னு கேட்டா. டீச்சர் கண்ணு கலங்கிப் போயிட்டாங்க. நான் கையில ஸ்பேனர வெச்சிக்கிட்டு நிக்கறேன். வாயத் தொறந்தேங்க. சத்தியமாத் தொறந்தேன்.

என்ன சொல்றீங்க? சின்னப் புள்ளதான, அந்த வயசுல பயப்படறது சகஜம், பிரேக்கு சூடேறறதும் நடக்கறதுதானா?

இல்லீங்க. அவ பயப்படல.

அவ வுழுந்ததுக்கு முந்துன வாரம் லிவரு அமுங்க ஆரம்பிச்சுது. ஒங்குளுது மாதிரியேதான். அறிவழகன்கிட்ட போன்ல சொல்லியிருக்கா. ஆயில் குழாயில காத்து பூந்திருக்கும், ஞாயித்துக்கெழம வந்து சரி பண்றேன், அதுவரைக்கும் ஓட்டாதன்னிருக்காரு. எனக்கு ரோசம். நான் மெக்கானிக்கு, எங்கடையில நிக்குது வண்டி, ரெண்டு ஸ்பூன் ஆயிலுக்கு ஓசூர்ல இருந்து ஆளு வரணுமான்னு. அவ ஸ்கூலுக்குப் போயிருந்தா. அலமாரியில பைக்குக்கு ஊத்தற பிரேக் ஆயில் இருந்துச்சு. பழச எறக்கிட்டு அத ஏத்தினேன், முன்னாலயும் பின்னாலயும். சாயந்தரம் அவ வந்து புடிச்சுப் பாத்தா, கல்லு மாதிரி நின்னுச்சு. அண்ணனுக்கு ஏன் வீண் அலைச்சல்னு நான்தான் அவர வர வேணாம்னு சொல்லச் சொன்னேன்.

அந்த வண்டிக்கு வேற ஆயிலாம். லிவர் மூடியிலயே பொடி எழுத்துல இங்கிலீசுல போட்டிருக்குதாம், இத மட்டும்தான் ஊத்தணும்னு. எனக்கு இங்கிலீசு வராதுங்க. வந்திருந்தாலும் படிச்சிருக்க மாட்டேன். பிரேக்குல படிக்கறதுக்கு என்ன இருக்குது? வுழுந்து ரெண்டு வாரங் கழிச்சு அறிவழகன் வந்து பிரிச்சாரு. உள்ளாற இருந்த ரப்பரு அத்தனையும் ஊறப் போட்ட கொண்டக்கடலயாட்டம் உப்பிப் போயி, நசுங்கிக் கெடந்துச்சு. எந்த ஆயில்ண்ணா ஊத்துனீங்கன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் ஊத்தலயேன்னேன். அவரு அலமாரிய ஒருவாட்டி பாத்தாரு. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கண்ணா, அது நான் சொல்ற பேச்சு இல்லன்னுட்டுப் போனாரு. அப்பறம் அவரு இந்தப் பக்கம் வரதில்ல. இன்னைக்கிச் சொல்லலாம், நாளைக்கிச் சொல்லலாம்னுதான் இருந்தேங்க. சாலம்மாகிட்டகூட வாய் வரல. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன், நீங்க யாருன்னே தெரியாது.

நீங்க மலைக்கி ஏற வேணாங்க. ஏறிட்டா எறங்கணுமில்ல. வண்டிய பஸ்ஸுல போட்டுக்கிட்டு சேலம் போயிடுங்க, அங்க இந்த வேல தெரிஞ்சவங்க இருக்காங்க.

அந்தா, அரூர் பஸ்ஸு வந்து நிக்குது பாருங்க. எறங்குதே பச்சச் சுடிதாரு, அவதான். ஆயில் பிரேக்கு வண்டியக் கண்டா ஒரு நிமிசம் நிப்பா. என்னாச்சுன்னு ஒங்ககிட்ட கேப்பா. பஞ்சர்னு சொல்லிடுங்க.