ஹார்ன்டேல் வளைவில் நாற்பத்தொரு நொடி

மாலை நாலரை மணி. நவம்பர். நான் இருக்கிற இந்த ஊரில் அந்த நேரத்துக்கே இருட்ட ஆரம்பித்துவிடும். ஹார்ன்டேல் மேட்டுச் சாலை... ஆறு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. இரண்டு பக்கமும் கல்லடுக்கிய சுவர். பனிமூட்டம். சுவருக்கு அப்பால் எங்கோ ஆடு இருமுகிற சத்தம். நடுச்சாலையில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்.

அக்கா, போன் ஸ்பீக்கரில்தானே இருக்கிறது? பின்கதவைப் பூட்டினாயா? போய் ஒருமுறை பார்த்துவிட்டு வா. பிள்ளைகள் இரண்டும் நடுவில் உட்காரட்டும்.

அந்தப் பெரியவர் பெயர் டெரிக். என்னோடு பழைய பிலிம் காப்பகத்தில் வேலை செய்யும் ஹேசலுக்குச் சொந்த மாமா. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

டெரிக்கும் அவர் கூட்டாளிகளும் செவ்வாய்க்கிழமை மதியம் காப்பகத்துக்கு வருவார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப் படங்களில் ஓடுகிற கார்களைப் பார்த்து, எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி, சக்கரத்துக் கம்பிகளை எண்ணுவார்கள். விளக்கின் மூடியை அளப்பார்கள். தேநீர் ஆறிப்போகும்.

அவர்களிடம் ஒரு பழக்கம். படம் போடுவதற்கு முன்னால் மேவிஸ் என்கிற எண்பது வயது அம்மாள் திரையின் மேல்பாதியில் ஒரு பழுப்புக் காகிதத்தை ஒட்டிவிடுவார். ஆட்களின் முகம், தொப்பி எதுவும் தெரியாது. வண்டி மட்டும்தான்.

"எல்லாம் இந்த மகராசனாலதான்" என்று டெரிக்கைக் காட்டுவார். "ஒருத்தி தொப்பிய வாயப் பொளந்து பாத்துக்கிட்டு, வண்டியோட வருஷத்த ஏழு வருஷம் தப்பாச் சொன்ன ஆளு."

"நல்ல தொப்பி, மேவிஸ்" என்பார் டெரிக்.

டெரிக்குக்கு ஒரே மகன், கேரத். மனைவி இல்லை. அப்பாவும் மகனும் ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடந்த இரும்புக் கூட்டை எடுத்துவந்து, பதினொரு வருஷம் தட்டித் தட்டி ஒரு காராக ஆக்கியிருந்தார்கள். யார் செய்த கார்... தெரியாது. பெயர்த்தகடு இல்லை. இங்கே நவம்பரில் பழைய கார்களின் ஓட்டம் ஒன்று நடக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலுக்குள் செய்ததென்று சான்றிதழ் இருந்தால்தான் சேர்ப்பார்கள். கேரத்துக்கு அது ஒன்றுதான் ஆசை.

"ஏம்ப்பா, இத்தன படம் பாக்குறீங்களே, நம்ம வண்டிய ஒருத்தனாவது ஓட்டியிருக்க மாட்டானா?"

"ஓட்டியிருப்பான்டா. ஸ்டார்ட் ஆகியிருக்காது."

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ காலி செய்த வீட்டிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. மூடியில் மையால் '1904, ஹார்ன்டேல்' என்று எழுதியிருந்தது. திறந்ததும் புளித்த காடி நாற்றம். உள்ளே நாற்பத்தொரு நொடிப் படம். சாலை, சுவர், மூட்டம். ஒரு கார் வருகிறது, வளைவில் திரும்புகிறது. அவ்வளவுதான்.

டெரிக் எழுந்து நின்றுவிட்டார். சக்கரத்துக்குப் பன்னிரண்டு கம்பி. முன்மூடியில் காற்றுப் போக ஒன்பது கீறல். கோணலாக நிற்கிற இடது விளக்கு... அவர்கள் வண்டியேதான்.

மேவிஸ் மூன்று தரம் எண்ணிப் பார்த்தார். "போதும்பா. எழுதிக் குடு" என்றார். முகத்தை யாரும் பார்க்கவில்லை. காகிதம் ஒட்டியபடியே இருந்தது.

அந்த நாற்பத்தொரு நொடியைச் சாட்சியாக வைத்து விண்ணப்பித்தார்கள். ஐந்து வாரத்தில் சான்றிதழ் தபாலில் வந்தது. அதுவும் செவ்வாய்க்கிழமை. கேரத்துக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "மேட்டுச் சாலையில ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேம்ப்பா, நீங்க உங்க கெழடுகளோட டீ குடிங்க" என்று மூன்று மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டெரிக் காப்பகத்துக்கு வந்தார். கேக் வாங்கி வந்திருந்தார். இன்னொரு தரம் அந்தப் படத்தைப் போடச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. ஹேசல் எரிச்சலில் முழுதாக இழுத்தாள்.

படத்தில் ஓட்டுகிற ஆள் நேராக இவர்களைப் பார்த்து வலது கையைத் தூக்கினான். ஒரு பக்கமாகக் கோணுகிற சிரிப்பு.

கேரத்.

மேவிஸ் மெல்ல, "டெரிக்... உங்க தாத்தாவா இருக்கும்" என்றார்.

"காதுல பாரு" என்றார் டெரிக். "செவிட்டு மிஷின்."

கேரத்துக்குப் பத்து வயதிலிருந்து இடது காது கேட்காது.

போன் போட்டார்கள். மேட்டில் சிக்னல் கிடையாது. ஹேசல் தன் காரில் மாமாவை ஏற்றிக்கொண்டு பறந்தாள். அந்த வளைவு அவர்களுக்குத் தெரியும். டெரிக் வளைவுக்கு இந்தப் பக்கம் இறங்கினார். ஹேசல் அந்தப் பக்கம் போய்க் காரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டாள். ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது.

நாலரை.

முதலில் சத்தம். டுக்... டுக்... டுக்... ஒரே சிலிண்டர் வண்டி. பிறகு வாடை, பழைய கார்பைடு விளக்கின் பூண்டு வாடை. மூட்டத்துக்குள் மஞ்சளாக இரண்டு வட்டம்.

டெரிக் கையை விரித்துக்கொண்டு கத்தினார். "நிறுத்துடா! கேரத்! நிறுத்து!"

கேரத் அப்பாவைப் பார்த்தான். வலது கையைத் தூக்கினான். சிரித்தான்.

அப்போதுதான் டெரிக்குக்கு உறைத்தது. சுவர், சாலை, வண்டி வருகிற கோணம்... அந்தப் படத்தை எடுத்தவன் எங்கே நின்றானோ, அங்கேதான் அவர் நின்றுகொண்டிருக்கிறார். இவரைப் பார்த்துத்தான் அவன் கையைத் தூக்குகிறான்.

பாய்ந்து மட்கார்டைப் பிடித்தார். ஒன்றரை மணி நேரம் ஓடிய வண்டி... ஐஸ் மாதிரி இருந்தது. பிடி வழுக்கியது. வண்டி வளைவில் திரும்பியது. டுக்... டுக்... டு...

அந்தப் பக்கம் ஹேசலும் சத்தத்தைக் கேட்டாள். நெருங்கி நெருங்கி வந்ததாம். பாதியில் அறுந்ததாம். வளைவைத் தாண்டி எதுவுமே வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவள் மாமா மட்டும் நடந்து வந்தார். "உன்னத் தாண்டிப் போயிட்டானா?" என்று கேட்டார்.

போலீஸ், மோப்ப நாய், ஹெலிகாப்டர்... ஒன்பது நாள் தேடினார்கள். சுவரில் ஒரு கல் பெயரவில்லை. சாலையில் எண்ணெய்ச் சொட்டு வளைவு வரை இருந்தது. அதற்கப்புறம் இல்லை.

மேவிஸ் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். டெரிக் மட்டும் வருகிறார், இன்றைக்கும். நான்தான் கதவைத் திறந்துவிடுகிறேன். "வந்துட்டேன்டா தம்பி" என்பார். ஒரே படம்தான். நாற்பத்தொரு நொடி. திரும்பத் திரும்ப. இதைத் தவிர அவனைப் பார்க்க வேறு வழி இல்லையே. நான் அந்த அறைக்குள் போவதில்லை. ஹேசல்தான் போட்டுக்கொடுப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று கோட்டை மாட்டிக்கொண்டே அவளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"போன வாரத்துக்கு இந்த வாரம் ரொம்ப எளச்சிருக்கான், ஹேசல். அவன் அங்க சாப்பிடறதுக்கு என்னதான் கெடைக்கும்?"