எல்லாக் கட்டமும் பச்சை

இல்லைங்கய்யா, நான் என் கண்ணால பாக்கல. உங்க வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுக்காக அவங்கள அப்படி முறைக்காதீங்க. கோள் சொல்லல அவங்க. நான் கேட்டேன், பதில் சொன்னாங்க, அவ்வளவுதான். அம்மா, நீங்க அடுப்பு வேலைய முடிச்சுட்டே வாங்க. நானும் ஐயாவும் பேசிட்டிருக்கோம். ஆமா, நான் பேசுறேன், இவர் முறைக்கிறார். அதுவும் பேச்சுதானே.

கைய குடுங்க. வலது கை. இடது கைய ஏன் நீட்டுறீங்க, அது நல்லாத்தானே இருக்கு? பக்கவாதம் வந்தது இந்தப் பக்கம். வாயில பேச்சுதான் வரல, குறும்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

அம்மா சொன்னது இதுதான். தினம் காலையில ஃபோன்ல மணி அடிக்குது. தண்ணி ஜக்குல சாய்ச்சு வச்சு வீடியோவ போடுறாங்க. அதுல ஒருத்தர் வர்றாரில்ல, பீரோவுக்குக் கையும் காலும் மொளச்ச மாதிரி, அவர் மேசை மேல துண்ட வச்சு ஜம்முனு தள்ளுறார். நீங்க செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறீங்க. வீடியோ முடிஞ்சும் மணி விடல. செஞ்சாச்சா, செஞ்சாச்சான்னு அடிச்சுட்டே இருக்கு. பச்சைக் குறிய அமுக்கினா நின்னுடுது. அம்மா அமுக்கிட்டாங்க. தினமும். அலாரத்த நிறுத்துற பட்டன்னு நெனச்சிருக்காங்க. செஞ்சு முடிச்சாச்சுன்னு எங்க பிசியோதெரபி ஆபீசுக்குப் போற பதில் அதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க மகன்கிட்ட எல்லாம் விளக்கித்தான் சொன்னேன். அவர் ஃபோன வாங்கிக் குடுத்துட்டு, அவசரமா வேலைக்குத் திரும்பிட்டார். பாவம், அவர் என்ன பண்ணுவார்.

விரல விரிங்க. ம், அப்படித்தான்.

அந்த வீடியோ நான் எடுத்தது இல்லைங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு தளம் இருக்கு. தோளுக்கு, விரலுக்கு, முட்டிக்குன்னு பயிற்சிய தனித்தனியா அடுக்கி வச்சிருக்கும். ஆளுக்கு ஏத்தத பொறுக்கி, எத்தனை தடவைன்னு போட்டு, ஃபோனுக்கு அனுப்பிட வேண்டியதுதான். நல்ல விஷயம்தான், நான் கொறை சொல்லல. முழங்கால் ஆபரேஷன் ஆன டீச்சர் ஒருத்தங்க அத பாத்துப் பாத்தே மாடிப்படி ஏறிட்டாங்க. உங்களுக்காக நானே உக்காந்து குரல் கூட பேசிச் சேத்தேன். எங்க ரிசப்ஷன் அக்கா கேட்டுட்டு, பஸ் ஸ்டாண்டு மைக்குல பேசுற மாதிரியே இருக்கு, எல்லாம் சரிடி, பஸ் எந்த பிளாட்பாரத்துல நிக்குதுன்னு சொல்லவே இல்லையேன்னாங்க. பாருங்க, சிரிப்ப. பஸ்ஸுன்னு காதுல விழுந்தா போதும் டிரைவருக்கு.

நீங்க ஏன் செவுத்த பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தாளு கை கேக்காமலே கிளம்புது. உங்க கை கிளம்பாது. பேட்டரி இறங்கின வண்டி மாதிரி, ஒருத்தர் தள்ளி விடணும். முழங்கைக்குக் கீழ நான் லேசா தாங்கினா போதும், அப்புறம் நீங்கதான் ஓட்டுறீங்க. இதோ, பாருங்க, போகுதுல்ல? இது நான் தள்ளல. சத்தியமா நீங்கதான். ஃபோன் எல்லாத்தையும் சொல்லும், இந்த எடத்துல தாங்காது.

அதனாலதான் இந்தப் பச்சை விஷயம் பெருசாயிடுச்சு. கூட்டம் நடந்துது. பெரிய டாக்டர் எல்லார் பேரையும் திரையில போட்டுக் காட்டினார். மத்தவங்க வரிசையில அங்கங்க செவப்பு. உங்க வரிசை முழுக்க பச்சை. எனக்குக் கை தட்டினாங்கய்யா. எங்க குடும்பத்துல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆளு நான். எங்கப்பா இன்னும், கை கால் அமுக்கிவிடவா இவ்வளவு படிச்சேன்னு கேப்பார். அன்னிக்குப் போய் சொன்னேன், கை தட்டினாங்கப்பான்னு. அவரும் சும்மா ஒரு தட்டு தட்டினார்.

ஆனா கை தட்டின சூட்டோட பெரிய டாக்டர் இன்னொண்ணும் சொன்னார். வீட்டுலயே இவ்வளவு ஒழுங்கா செய்றவருக்கு நேர்ல ஆள் எதுக்கு, நிறுத்திடலாம்னார். எனக்கு அது சரியாப் படல. ஏன்னா போன தடவை பிடிச்சப்ப உங்க கை அப்படியே இறுகிக் கெடந்துது. தினம் செய்ற கை அப்படி இருக்காது. அதனாலதான் அம்மாகிட்ட கேட்டேன்.

தெரிஞ்சதும் நேரா அவர்கிட்ட போனேன். உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். அவர் கோவப்படல. நல்ல மனுஷன்தான், தலைக்கு மேல வேலை அவருக்கு. பச்சைய செவப்பா மாத்திடலாம்மா, ஆனா பயிற்சி செய்யாதவங்களுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்புறதில்லையே, உனக்கு எது வேணும்னார். செஞ்சாலும் ஆள் கிடையாது, செய்யலன்னாலும் கிடையாது. நான் அங்கயே நின்னேன். கோவம் வரும்னு பாத்தேன், வரல. அழுகையும் வரல. பல்லு புடுங்க ஊசி போட்டப்புறம் கன்னத்த கிள்ளிப் பாப்போமே, அந்த மாதிரி. என்னோடதுதான், ஆனா என்னோடது இல்ல. இப்பவும் அப்படித்தான் இருக்கு.

அப்புறம் கெஞ்சிக் கேட்டேன். தாங்கிப் பிடிச்சா இவர் கை கிளம்புது சார், பிடிக்க ஆள் இருந்தா இவர் சாப்பாட்ட இவரே அள்ளிச் சாப்பிடுவார்னு சொன்னேன். எழுதிக் குடு, பாக்குறேன்னார். எழுதிக் குடுத்தேன்.

பாத்தாரான்னுதானே கண்ணாலயே கேக்குறீங்க? சொல்றேன். அம்மாவும் வரட்டும்.

வாங்கம்மா, இப்படி உக்காருங்க. ஈரக் கைய தொடச்சுக்கோங்க. இவர் முழங்கைய பிடிங்க. அங்க இல்லம்மா, அது மணிக்கட்டு. அங்க பிடிச்சா இழுத்துட்டுப் போறதா ஆயிடும், இவருக்குப் பிடிக்காது. இன்னும் மேல. கை முட்டிக்கு அடியில, உள்ளங்கைய விரிச்சு. தூக்காதீங்க, கனத்த மட்டும் வாங்கிக்கோங்க. தொட்டில்ல கெடக்குற புள்ள தலைக்குக் கீழ கை குடுப்போமே, அப்படி. ஐயா, அம்மாவ பாக்காதீங்க, துண்ட பாருங்க. இப்ப தள்ளுங்க. தோள தூக்கி ஏமாத்தக் கூடாது. தள்ளுங்க... ம். நகந்துச்சு. அம்மா, உங்களுக்குக் கையில தெரிஞ்சுதா? கனம் கொறஞ்சது தெரிஞ்சுதுல்ல? அதுதான். அந்த நேரம் நீங்க எதுவும் பண்ணக் கூடாது. இன்னொரு தடவை.

என்னம்மா? அதான் நீ வர்றியே, எனக்கெதுக்கு இதெல்லாம்னா?

இன்னிக்கு என்னை யாரும் அனுப்பலம்மா. எனக்கு இன்னிக்கு லீவு. நான் எழுதிக் குடுத்தத அவர் படிச்சாரான்னு தெரியல. நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஐயா பேர போட்டுப் பாத்தேன். அவர் ஃபைல போன வாரமே மூடிட்டாங்க. காரணம்னு கேட்டிருக்குற எடத்துல, குணமாயிட்டார்னு போட்டிருக்கு.